முகவரி தந்தவர் யார்?

என் தங்கையின் மகன் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பயில்கிறான். அவனுடைய மடிக்கணினி ஒரு சமயம் விசித்திரமான நோய்க்கு ஆளாயிற்று. கல்லூரியில் நன்றாக வேலை செய்யும். வீட்டிற்கு வந்தால் முரண்டு பிடிக்கும். வைஃபை அடையாளம் குறைவின்றித் தெரியும். ஆனால் இணையத்திலிருந்து ஒரு பக்கமும் வாராது. நான்கு முறை அணைத்து மீண்டும் இயக்கினால் ஒரு முறை சரியாகும். அதே வீட்டில், அதே நேரத்தில், அவன் தாயின் கைப்பேசியில் பாட்டும் படமும் தடையின்றி வந்துகொண்டிருக்கும். ஆகவே பழி யார்மீது விழும்? கணினியின்மீதும், அதைக் கையாளும் பையன்மீதுமே விழுந்தது.

பழுது பார்க்கும் கடை ஒன்றிற்கு எடுத்துச் சென்றார்கள். அங்கே அது குற்றமின்றி வேலை செய்தது. ஆயினும் கடைக்காரர், "விட்டு விட்டு வரும் கோளாறு இப்படித்தான் இருக்கும், உள்ளே இருக்கும் வைஃபை அட்டையை மாற்றிவிடுங்கள்" என்று கூறி, நாலாயிரம் ரூபாய் கேட்டார். தேர்வுக் கட்டணத்திற்கென எடுத்து வைத்திருந்த பணந்தான் அப்போது வீட்டில் இருந்தது. அதைக் கொடுப்பதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று என் தங்கைக்குத் தோன்றியிருக்கிறது.

அந்த வீட்டில் நான் கண்டது என்ன என்பதைக் கூறுமுன், இணையத்தில் முகவரி என்பது யாது, அஃது எங்கிருந்து வருகிறது என்பதைச் சிறிது விளக்க வேண்டும். அது விளங்கினால் நோயின் காரணத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இணையத்தோடு சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். இதனை ஐ.பி. முகவரி என்பர். 192.168.1.23 என்பது போலப் புள்ளியிட்டுப் பிரித்த நான்கு எண்கள். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இன்று நாம் வழங்கும் இந்த அமைப்பு 1981-ஆம் ஆண்டில் வகுத்து வெளியிடப்பெற்றது. கணக்கிட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 429 கோடி முகவரிகள் கிடைக்கும். பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் மட்டுமே கணினிகளை இணைத்திருந்த அந்நாளில் அது வற்றாத கடல் போலத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் உலகப் பொதுக் கையிருப்பில் எஞ்சியிருந்த கடைசித் தொகுதிகளும் 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் பங்கிடப்பட்டுத் தீர்ந்தன. இதனினும் நீண்ட வேறொரு முகவரி முறையும் இப்போது வழக்கில் உள்ளது. பல வீடுகளில் இரண்டும் சேர்ந்தே இயங்குகின்றன. நம் பேச்சு பழைய முறையைப் பற்றியதே. ஏனெனில் வீட்டில் வரும் தொல்லைகளுள் பெரும்பாலானவை அதனைச் சார்ந்தவை.

பஞ்சம் வரும் என்பதை அறிஞர்கள் முன்பே உணர்ந்திருந்தனர். ஆதலின் 1996-இல் ஓர் ஏற்பாடு செய்தனர். 192.168 என்று தொடங்கும் முகவரிகளையும், 10 என்று தொடங்கும் முகவரிகளையும், 172.16 முதல் 172.31 வரையில் தொடங்குவனவற்றையும் தனியார் வழக்கிற்கென்றே ஒதுக்கிவிட்டனர். இவற்றை எந்த வீடும் எந்த அலுவலகமும் யாருடைய அனுமதியும் கேளாமல் தனக்குள்ளே வழங்கிக்கொள்ளலாம். மேலத்தெரு என்னும் பெயர் எத்தனை ஊர்களில் இருக்கிறது! அதனால் குழப்பம் நேர்வதில்லை அன்றோ? ஓர் ஊருக்குள் மட்டும் அப்பெயர் ஒரே தெருவைக் குறித்தால் போதும். உங்கள் வீட்டிலும் 192.168.1.23 இருக்கலாம், அடுத்த வீட்டிலும் அதே எண் இருக்கலாம்.

தெரு என்றேன். அந்த உவமையை இன்னும் சிறிது நீட்டலாம். பெரும்பாலான வீடுகளில் முகவரியின் முதல் மூன்று எண்கள் தெருவின் பெயர் போன்றவை. நான்காம் எண் கதவிலக்கம். 192.168.1 என்னும் தெருவில் 23-ஆம் கதவு என்பது பொருள். ஒரே தெருவில் இருப்பவர் ஒருவரோடொருவர் நேரே பேசிக்கொள்வர். வெளியூருக்கு அனுப்பும் கடிதத்தைத் தெருக்கோடியில் உள்ள வாயிலில் கொடுக்க வேண்டும். அந்த வாயிலாக இருப்பது நாம் ரவுட்டர் என்று அழைக்கும் பெட்டி. அதற்கும் அத்தெருவிலேயே ஒரு கதவிலக்கம் உண்டு. வழக்கமாக அது 1. ஆகவே ஒரு கணினிக்குத் தன் முகவரி மட்டும் தெரிந்தால் போதாது; வாயில் எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது செய்தியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நம் கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

சரி, இம்முகவரியைக் கணினிக்குக் கொடுப்பவர் யார்? தொடக்கத்தில் மனிதர்களே ஒவ்வொரு கணினியிலும் கையால் எழுதி வைத்தனர். பத்துக் கணினி என்றால் எளிது. நூறு என்றால் தவறு நேராமல் இராது. 1985-இல் பூட்பி என்னும் முறை வந்தது. கணினி தன் முகவரியைத் தானே கேட்டு அறிந்துகொள்ள அது வழி செய்தது. அதனை விரித்து 1993-இல் டி.எச்.சி.பி. என்னும் முறையை வெளியிட்டனர். இன்று உங்கள் கைப்பேசி வீட்டு வைஃபையில் சேரும்போதெல்லாம் நடப்பது இதுவே.

இந்த உரையாடல் சுவையானது. புதிதாக வந்த கருவிக்கு முகவரி இல்லை. கொடுப்பவர் எங்கே இருக்கிறார் என்பதும் தெரியாது. ஆகவே அது தெருவில் உள்ள அனைவர் காதிலும் விழும்படி, "முகவரி தருவார் யாரேனும் உண்டா?" என்று கூவுகிறது. தன் பெயராக அது அப்போது சொல்லக்கூடியது 0.0.0.0 என்பதே. டி.எச்.சி.பி. வேலையைச் செய்யும் பெட்டி, "இதோ, இந்த எண்ணைத் தருகிறேன், வாயில் இன்னது, இத்தனை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம்" என்று விடை கூறுகிறது. கருவி, "அதையே ஏற்கிறேன்" என்று மீண்டும் அனைவரும் கேட்கச் சொல்கிறது. "ஆகட்டும், உன்னுடையதே" என்று பெட்டி உறுதி செய்கிறது. நான்கே வாக்கியங்கள், கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

முகவரி சொந்தமாகத் தரப்படுவதில்லை, குத்தகைக்கே தரப்படுகிறது. குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததும், கருவி தனக்கு முகவரி கொடுத்த அதே பெட்டியிடம் சென்று, கூச்சல் இன்றி, தனியாகப் பேசிக் காலத்தை நீட்டித்துக்கொள்ளும். அந்தப் பெட்டி விடையளிக்காமல் போனால், எட்டில் ஏழு பங்கு காலம் சென்ற பிறகே மறுபடியும் பொதுவில் கூவத் தொடங்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தாயின் கைப்பேசி ஏன் தப்பியது என்பதற்கு விடை இதுவே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "யாரேனும் உண்டா?" என்ற கேள்விக்கு யார் விடை கூறினாலும் கருவி நம்பிவிடுகிறது. விடை கூறியவர் உரியவர்தாமா என்று அது விசாரிப்பதில்லை. விசாரிக்கும் முறை ஒன்றை 2001-இல் வகுத்தார்கள். ஆயினும் அது வீடுகளில் வழக்கிற்கு வரவில்லை. முன்பின் அறியாத ஊரில் பேருந்தை விட்டு இறங்கி, முதலில் எதிர்ப்பட்டவரிடம் வழி கேட்டு அப்படியே நடக்கும் பயணியைப் போன்றது நம் கணினி.

இனித் தங்கை வீட்டிற்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்றேன். கணினி வழக்கம்போல் முரண்டிக்கொண்டிருந்தது. நல்லதாயிற்று, நோய் வெளிப்பட்டிருக்கும்போதே வைத்தியன் பார்ப்பது நலம். அணைத்து இயக்குவதற்குப் பையன் கையை நீட்டினான், தடுத்துவிட்டேன். அணைத்தால் தடயம் அழிந்துவிடும். கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஐ.பி.கான்ஃபிக் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோட்டோடு ஆல் என்னும் சொல்லையும் சேர்க்கச் செய்தேன். விண்டோஸ் கணினியில் இது முகவரி, வாயில், முகவரி கொடுத்தவர் ஆகிய மூன்றையும் ஒருங்கே காட்டும். கைப்பேசியில் வைஃபை அமைப்புகளுக்குள் சென்று, இணைந்திருக்கும் பெயரைத் தொட்டால் முகவரியும் வாயிலும் தெரியும்.

கணினியின் முகவரி 192.168.0.14. தாயின் கைப்பேசியின் முகவரி 192.168.1.23. ஒரே கூரையின் கீழ் இரண்டு தெருக்கள்! கணினிக்கு முகவரி கொடுத்தவரும் வாயிலும் 192.168.0.1 என்று இருந்தது.

"உங்கள் ரவுட்டரின் எண் என்ன?" என்றேன்.

"192.168.1.1, மாமா. அடியில் ஒட்டியிருக்கிறது."

"அப்படியானால் 192.168.0.1 யார்?"

பையன் சிறிது நேரம் யோசித்தான். பிறகு மாடிப்படியைப் பார்த்தான்.

மாடி அறைக்கு வைஃபை சரியாக எட்டவில்லை என்று, மூன்று வாரங்களுக்கு முன், முந்தைய இணைப்பிலிருந்து மிஞ்சியிருந்த பழைய ரவுட்டர் ஒன்றை அலமாரியின்மேல் வைத்து, கீழே உள்ள பெட்டியிலிருந்து ஒரு கம்பியை இழுத்துச் சேர்த்திருந்தார்கள். வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் கீழே உள்ளவைபோலவே இருக்கட்டும் என்று அமைத்துவிட்டதால் எவருக்கும் வேற்றுமை தெரியவில்லை. கருத்து நல்லதே, அலை மாடியிலும் நன்றாகக் கிடைத்தது. ஆனால் அந்தப் பழைய பெட்டி தன் பழைய தொழிலை மறக்கவில்லை. யாராவது "முகவரி தருவார் உண்டா?" என்று கூவினால் அதுவும் உற்சாகமாக விடை கூறியது. தன்னையே வாயில் என்றும் சொல்லிக்கொண்டது. அந்த வாயிலின் பின்னால் பாதை உண்டா? இல்லை. வெளியுலகக் கம்பி செருக வேண்டிய துளை வெறுமையாக இருந்தது. கீழிருந்து வந்த கம்பியை உள்வீட்டுத் துளை ஒன்றில் செருகியிருந்தார்கள். ஆகவே அதனிடம் முகவரி பெற்றவர் கொடுத்த கடிதங்கள் யாவும் அங்கேயே நின்றுவிட்டன.

இப்போது எல்லா அறிகுறிகளும் பொருந்துகின்றன அல்லவா? இரண்டு பெட்டிகளுள் எதன் விடை முந்தி வருகிறதோ அதன் முகவரியே பெரும்பாலும் ஏற்கப்படும். ஆதலால்தான் நான்கு முறை அணைத்து இயக்கினால் ஒரு முறை சரியாயிற்று. கணினி நாள்தோறும் கல்லூரிக்குப் போய் வருகிறது. அங்கே வேறு முகவரி. வீடு திரும்பியதும் புதிதாகக் கூவ நேர்கிறது. தாயின் கைப்பேசியோ பெரும்பாலும் வீட்டை விட்டு நீங்குவதில்லை. கீழே உள்ள பெட்டியிடம் முன்பு பெற்ற குத்தகையை அதே பெட்டியிடம் அமைதியாக நீட்டித்துக்கொண்டு வந்தது. பையனுடைய கைப்பேசியும் சில நாள் இப்படித் தவித்ததாம். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. கடையில் அந்தப் பழைய பெட்டி இல்லை. ஆகவே அங்கே நோயும் இல்லை. ஒரு பொருள் இரண்டு இடங்களில் நன்றாக இயங்கி, மூன்றாம் இடத்தில் மட்டும் கெடுகிறது என்றால், பொருளைச் சந்தேகிப்பதற்கு முன் அந்த மூன்றாம் இடத்தைச் சந்தேகிக்க வேண்டாமா? கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் கையில் கணினி ஒன்றுதான் இருந்தது. ஆதலின் குற்றம் அதற்குள்ளேதான் இருக்க வேண்டும் என்று கருதிவிட்டார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எங்களுக்கு நல்ல காலம். இரு பெட்டிகளின் எண்களும் வேறாக இருந்தன. இரண்டும் 192.168.1.1 என்றே அமைந்திருந்தால் முகவரியைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. அப்போது வாயிலின் வன்பொருள் முகவரியைப் பார்க்க வேண்டும். அது ஒவ்வொரு பெட்டிக்கும் ஆலையிலேயே பொறிக்கப்படும் அடையாளம். பெட்டியின் அடியிலும் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். கணினி இப்போது நம்பியிருக்கும் வாயிலின் அடையாளம் எது என்பதை ஏ.ஆர்.பி. என்னும் கட்டளை காட்டும். அதற்கும் பொறுமை இல்லாதவர் சந்தேகப்படும் பெட்டியின் கம்பியைப் பிடுங்கிப் பார்க்கலாம். மின்சாரத்தையும் நிறுத்திவிட வேண்டும். எளிய சோதனை, ஏமாற்றாத சோதனை.

தவறான முகவரி எப்போதும் இரண்டாவது பெட்டியால் வருவதில்லை. 169.254 என்று தொடங்கும் முகவரியைச் சில வேளை காண்பீர்கள். இது யாரும் கொடுத்ததன்று. கூவிப் பார்த்தும் விடை வாராத கணினி, தானே ஓர் எண்ணைத் தேர்ந்து, "இதை வேறு யாரேனும் வைத்திருக்கிறீர்களா?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டு, மறுப்பு இல்லையாயின் சூட்டிக்கொள்வது. விண்டோஸ் 98 காலத்திலேயே வழக்கில் இருந்த இம்முறைக்கு 2005-இல் முறையான விதி வெளியிட்டனர். இதைக் கண்டால் கணினிக்குள் எந்த எண்ணையும் மாற்றி அமைக்க முயல வேண்டாம். கேள்வி போய்ச் சேரவில்லை அல்லது விடை வரவில்லை என்பதே அதன் பொருள். கம்பி தளர்ந்திருக்கலாம், ரவுட்டர் திகைத்து நின்றிருக்கலாம், கொடுப்பதற்கு எண்ணே மிச்சமில்லாமலும் இருக்கலாம். ஐம்பது முகவரிகளை மட்டும் வழங்கும்படி அமைத்த வீட்டில் திருமணத்திற்கு நூறு பேர் கைப்பேசியோடு வந்தால், ஐம்பது இலைக்கு மேல் பந்தியில் இடம் ஏது? குத்தகைக் காலத்தைக் குறைத்தாலும், வழங்கும் எண்களின் வரம்பை விரித்தாலும் இது தீரும். கைப்பேசிகளுள் பல இந்நிலையில் 169.254 என்று காட்டுவதில்லை. முகவரி பெறப்படுகிறது என்னும் வாசகத்தோடு நெடுநேரம் காத்திருந்து ஓய்ந்துவிடும்.

கையால் எழுதிய முகவரி இன்னொரு காரணம். முன்பு எங்கோ, யாரோ, ஏதோ ஒரு தேவைக்காகக் கணினியில் ஓர் எண்ணை நிலையாகப் பதித்திருப்பர். அது அந்த இடத்திற்குப் பொருந்தும். இந்த இடத்திற்குப் பொருந்தாது. அமைப்பில் டி.எச்.சி.பி. இயங்கவில்லை என்று காட்டுமாயின் இதுவே குற்றம். முகவரியைத் தானாகப் பெறுக என்னும் தேர்வுக்கு மாற்றினால் முடிந்தது.

மின்சாரம் போய் வந்த பின் இரண்டு கருவிகளுக்கு ஒரே முகவரி அமைந்து அல்லற்படுவதும் உண்டு. சில ரவுட்டர்கள் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்னும் கணக்கை நினைவில் மட்டும் வைத்திருக்கின்றன. மின்சாரம் நின்றால் கணக்கும் போயிற்று. உறங்கிக்கொண்டிருக்கும் கருவியின் எண்ணை, அது இருப்பதை அறியாமல், புதிதாக வந்த வேறொன்றிற்குக் கொடுத்துவிடுகின்றன.

அச்சுப்பொறிக்கோ கேமராவுக்கோ எப்போதும் ஒரே எண் வேண்டும் என்று விரும்புவோர், ரவுட்டரிலேயே அக்கருவியின் வன்பொருள் முகவரிக்கு ஓர் எண்ணை ஒதுக்கி வைக்கலாம். கருவிக்குள் எழுதி வைப்பதைவிட இதுவே மேல். ஆனால் கைப்பேசிக்கு இப்படி ஒதுக்கும்போது ஒரு சிக்கல். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதலாக, கைப்பேசிகள் தம்மைப் பின்தொடர்வார்க்கு அடையாளம் தெரியாமல் இருக்கப் புனைந்த வன்பொருள் முகவரியைக் காட்டும் வழக்கம் வந்துவிட்டது. வேறு முகம் காட்டி வருபவருக்கு ரவுட்டர் வேறு எண்ணையே கொடுக்கும். உங்கள் வீட்டு வைஃபைக்கு மட்டும் அப்புனைவை நிறுத்தி வைக்கலாம்.

எங்கள் வேலை அரைமணி நேரத்தில் முடிந்தது. மாடிப் பெட்டியில் செருகியிருந்த கம்பியை முதலில் எடுத்தோம். கணினியை அப்பெட்டியோடு மட்டும் நேராக இணைத்து, உலாவியில் 192.168.0.1 என்று எழுதி உள்ளே சென்றோம். டி.எச்.சி.பி. பணியை நிறுத்தினோம். பிறகு பெட்டியின் சொந்த எண்ணை 192.168.1.2 என்று மாற்றினோம். கீழே உள்ள ரவுட்டர் 100 முதல் 199 வரையில்தான் வழங்குகிறது என்பதை முன்னரே பார்த்துவிட்டதால், 2 என்னும் எண் வேறு எவருக்கும் போகாது என்பது தெரியும். (தாயின் கைப்பேசிக்கு 23 எப்படி வந்தது என்று கேட்பீர்கள், கூர்மையான கேள்வி. அதற்கென்று பையனே முன்பு ரவுட்டரில் அந்த எண்ணை ஒதுக்கியிருந்தானாம்.) எண்ணை மாற்றிய மறுகணமே திரையில் இருந்த பக்கம் உயிரற்றுப்போயிற்று. பையன் திடுக்கிட்டான். பெட்டி வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டது. பழைய கதவைத் தட்டினால் யார் திறப்பார்? அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. கம்பியை மறுபடியும் உள்வீட்டுத் துளையிலேயே செருகினோம்.

ஆயினும் கணினி முன்போலவே 192.168.0.14 என்று காட்டிக்கொண்டிருந்தது. கொடுத்தவர் ஓய்வு பெற்றாலும் குத்தகைச் சீட்டு இன்னும் கையில் இருக்கிறதே! வைஃபையை ஒருமுறை விலக்கி மீண்டும் சேர்த்தோம். 192.168.1.104 என்று வந்தது. மாடியில் பார்த்தோம்; வந்தது. கீழே இறங்கிப் பார்த்தோம்; வந்தது. பத்து முறை அணைத்து இயக்கச் சொன்னேன். பத்து முறையும் அதே தெருவே வந்தது.

"அப்படியென்றால் கணினியில் ஒன்றுமே இல்லையா, அண்ணா?" என்றாள் தங்கை.

"ஒன்றுமே இல்லை, அம்மா" என்றேன்.

அவள் மகனைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தேர்வுக் கட்டணம் கட்டப்பட்டது. பையன் ஒரு சிறு தாளில் 192.168.1.2 என்றும், அதன் கீழே, டி.எச்.சி.பி. நிறுத்தப்பட்டது என்றும் எழுதி, தேதியிட்டு, மாடிப் பெட்டியின் நெற்றியில் ஒட்டிவைத்தான்.